ஒலியால் ஒட்டும் உலோகம்



நான் வசிப்பது விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஆலங்குளம். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், மாலை வேளைகளில் சில பிள்ளைகள் கணக்கும் விஞ்ஞானமும் கேட்பதற்காக என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. அவர்களுள் பலருடைய வீட்டார் பட்டாசுத் தொழிலில் இருப்பவர்கள். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, உலோகப் பொடியிலிருந்தே இராக்கெட் எஞ்சின் ஒன்றைச் செய்து மகேந்திரகிரியில் ஓட்டிப் பார்த்தார்களாமே! பொடி என்றால் தீப்பிடிக்காதா?"

பட்டாசு ஊரில் பிறந்த பிள்ளைக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். பட்டணத்துப் பிள்ளையாக இருந்தால் எஞ்சின் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டிருக்கும். இந்தக் கேள்வியை அடியொற்றியே இன்றைய பேச்சை அமைத்துக்கொள்கிறேன்.

முதலில் அவள் குறிப்பிட்ட எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியிலுள்ள இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தில் எஞ்சின் ஒன்று 665 விநாடிகள் இடைவிடாமல் எரிந்து சோதனையில் தேறியது. பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டின் நான்காவது கட்டத்துக்குரிய எஞ்சின் அது. பழைய முறையில் அதனைச் செய்ய 14 பாகங்கள் வேண்டும். புதிய முறையில் அவை ஒரே பாகமாயின. அதனால் 19 பற்றவைப்பு மூட்டுகள் இல்லாமற்போயின. முன்பு ஓர் எஞ்சினுக்கு 565 கிலோகிராம் உலோகம் கொண்டுவர வேண்டியிருந்தது, இப்பொழுது 13.7 கிலோகிராம் உலோகப் பொடி போதும். இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முன்பு வாங்கிய உலோகத்தில் பெரும்பகுதி எஞ்சினாகவில்லை. வெட்டியும் கடைந்தும் கழித்த சீவலாகப் போயிற்று.

பொருள்களைச் செய்வதில் இரண்டு வழிகள் உண்டு. கல்தச்சர் கல்லில் வேண்டாததைக் கழித்துச் சிலையைக் காண்கிறார். கொத்தனாரோ ஒன்றுமில்லாத இடத்தில் கல்லைக் கல்மேல் சேர்த்துச் சுவரைக் காண்கிறார். கடைசல் பட்டறையெல்லாம் கல்தச்சர் வழி. மேலே சொன்ன எஞ்சின் கொத்தனார் வழியில் பிறந்தது. உலோகப் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் கதிரால் உருக்கி இறுகச் செய்வார்கள். அதன்மேல் மீண்டும் பொடி, மீண்டும் கதிர். இப்படி ஆயிரக்கணக்கான படலங்கள் சேர்ந்து ஓர் உருவம் எழுகிறது. சிவகாசி அச்சகத்தில் நாட்காட்டிப் படம் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு வண்ணங்கள் ஏறி நிறைவடைவதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வண்ணம் தடவும் இடத்தில் உலோகத்தைத் தடவுகிறார்கள். நான்கு முறைக்குப் பதிலாகப் பல்லாயிரம் முறை.

இனி அவளுடைய கேள்விக்கு வருவோம். பொடி தீப்பிடிக்காதா என்றால், பிடிக்கும். எல்லா உலோகப் பொடியும் ஒரே அளவில் அல்ல. ஆனால் அலுமினியம், டைட்டேனியம் முதலியவற்றின் நுண்பொடி அபாயமானது. உங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரம் அடுப்பின்மேல் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது, எரிவதில்லை. அதே அலுமினியம் பொடியாகி வெடியுப்போடும் கந்தகத்தோடும் சேர்ந்துவிட்டால், எங்கள் பகுதியில் அதற்கு 'மருந்து' என்று பெயர். உலோகம் மாறவில்லை, காற்றுபடும் பரப்புத்தான் மாறிற்று.

இதனைக் கணக்குப் போட்டே அறியலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு பக்கத்தையும் ஆயிரம் பங்காக வகுத்தால் நூறு கோடி சிறு கனசதுரங்கள் கிடைக்கும். அவற்றின் பரப்பையெல்லாம் கூட்டினால் 6,000 சதுர சென்டிமீட்டர். சுண்டுவிரல் நுனியளவு உலோகத்துக்கு ஒரு சிறு மேசையின் பரப்பு வந்துவிடுகிறது! ஆக்ஸிஜன் அத்தனை பரப்பையும் ஒரே கணத்தில் தொட்டால் எரிதல் என்பது வெடித்தலாகிறது. வெடியுப்புக்கூட வேண்டியதில்லை. 2014 ஆகஸ்டு 2-ஆம் தேதி சீன நாட்டின் குன்ஷான் நகரில், அலுமினியச் சக்கரங்களை மெருகிடும் தொழிற்சாலையில், காற்றில் மிதந்த அலுமினியத் தூசி வெடித்து 146 பேர் மாண்டனர். அங்கே யாரும் பட்டாசு செய்யவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்பு, 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த விபத்தை எங்கள் பக்கத்தில் நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகையால் லேசர் முறையில் வேலை செய்வோர் பொடியை மூடிய அறைக்குள், ஆர்கான் போன்ற எரிதலுக்குத் துணைசெய்யாத வாயுவின் நடுவே வைத்துக் கையாளுகிறார்கள். அறையின் ஆக்ஸிஜன் அளவு மிகக் குறைவாகக் காக்கப்படுகிறது. பொடியைக் கொட்டுவதற்கும் அள்ளுவதற்கும் தனி விதிகள் உண்டு. ஆபத்து ஆளப்படுகிறது, ஒழிக்கப்படவில்லை.

பொடியும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம், உலோகத்தை உலோகத்தின்மேல் அடுக்கி ஒட்டவைக்க முடியுமா? முடியும். அதற்கு உதவுவது ஒலி. நம் காதுக்குக் கேளாத ஒலி. பாடநூல்கள் அதனை மீயொலி என்று குறிப்பிடுகின்றன.

உலோகம் என்றால் உருக்கித்தான் இணைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றியிருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் அது இயல்பே. 1970-இல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை எங்கள் ஊரில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சிமெண்டாவதற்குச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் தீயின் மக்கள். பற்றவைப்புக் கடையில் தீப்பொறி பறக்கிறது. தீயின்றி ஒரு பொருள் உருவாகும் என்று யார் நம்புவார்? ஆனால் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு இரும்புத் துண்டுகளை ஒட்டுவது எப்படி என்று கேட்பதை விட்டு, அவை தாமாகவே ஒட்டாமல் இருப்பது ஏன் என்று கேளுங்கள்.

ஓர் உலோகத் துண்டுக்குள் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்து அணு எந்தத் துண்டில் பிறந்தது என்று எந்த அணுவும் விசாரிப்பதில்லை. இரண்டு சுத்தமான உலோகப் பரப்புகள் அணுவுக்கு அணு நெருங்கிவிட்டால் அவை ஒன்றாகிவிட வேண்டியதுதான். தங்கரேக்குத் தட்டுவோர் இதனை அனுபவத்தால் அறிவர். ரேக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே இடையிடையே தாளை வைக்கிறார்கள்.

1724-ஆம் ஆண்டில் டெசாகுலியர்ஸ் என்பவர் இலண்டன் ராயல் சங்கத்தின் முன் ஒரு சோதனை செய்து காட்டினார். இரண்டு ஈயக் குண்டுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பாகத்தைச் சீவிவிட்டு, சீவிய முகங்களை ஒன்றோடொன்று வைத்து அழுத்திச் சற்றே முறுக்கினார். குண்டுகள் ஒட்டிக்கொண்டன, பெரும் எடையைத் தொங்கவிட்ட பிறகே பிரிந்தன. நெருப்பு இல்லை, பசை இல்லை. அந்தச் சோதனையில் மூன்று செயல்கள் இருப்பதைக் கவனியுங்கள்: சீவினார், அழுத்தினார், முறுக்கினார். இன்றைய பேச்சின் சாரம் முழுவதும் இந்த மூன்றிலும் அடங்கிவிடுகிறது. (ஈயம் நஞ்சு. ஆசிரியர் இல்லாமல் இதனைச் செய்து பார்க்க வேண்டாம். செய்தால் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.)

ஈயம் எளிதில் ஒட்டுகிறது. தங்கம் அதனினும் எளிதில் ஒட்டுகிறது. அலுமினியம் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? அதற்கு ஒரு தோல் இருக்கிறது. அலுமினியத்தை இந்தக் கணம் சுரண்டினால் மறுகணமே காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன்மேல் படிந்து அலுமினிய ஆக்ஸைடு என்ற படலமாகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் சில பங்குகளே. ஆனால் அதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மாணிக்கம், நீலக்கல் என்று நகைக்கடையில் விலை பேசுகிறார்களே, அவையும் அடிப்படையில் இதே பொருள்தான். வண்ணம் தருவது உள்ளே கலந்த வேற்றுப் பொருள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். பாத்திரம் அரித்துப் போகாமல் உங்கள் சமையலறையைக் காக்கும் அதே தோல்தான், இரண்டு அலுமினியத் துண்டுகள் சேர விரும்பும்போது நடுவே வந்து நிற்கிறது.

தோல் கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. அதன் அடியிலுள்ள உலோகமோ மென்மையானது. கோடையில் நீர் வற்றிவரும் கண்மாயைப் பார்த்திருப்பீர்கள். மேலே காய்ந்து ஓடாகிய மண்; கீழே ஈரச் சேறு. ஓட்டின்மேல் காலை வைத்து முன்னும் பின்னும் அசைத்தால் ஓடு பாளம் பாளமாக உடைந்து, இடுக்குகளின் வழியே சேறு மேலே பிதுங்குகிறது. அலுமினியத்தின் தோலையும் அவ்வாறே உடைக்கலாம். அசைக்க வேண்டும், அழுத்தவும் வேண்டும். அசைவு மிகச் சிறியதாகவும் மிக விரைவானதாகவும் இருக்க வேண்டும். அத்தகைய அசைவைத் தரவல்லது கேளா ஒலி.

மனிதக் காது விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். வயதேற வயதேற மேல் எல்லை இறங்கிவிடும். (என் எல்லை இப்பொழுது எங்கே நிற்கிறது என்று சோதிக்க நான் துணியவில்லை.) அதற்கு மேற்பட்ட ஒலியால்தான் வௌவால் இருளில் வழி அறிகிறது. இவ்வொலியை மனிதன் உண்டாக்க வழிசெய்தது 1880-இல் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்களாகிய ழாக் கியூரி, பியேர் கியூரி இருவரும் கண்ட ஓர் உண்மை. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது. மறுதலையாக, அவற்றில் மின்சாரத்தைச் செலுத்தினால் அவை சுருங்கி விரிகின்றன. முதல் உலகப் போரின்போது, 1917-இல், லான்ஜவான் என்ற மற்றொரு பிரெஞ்சு விஞ்ஞானி இந்த உண்மையைக்கொண்டு, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்காகக் கடலுக்குள் கேளா ஒலியை அனுப்பினார். 1950-களில் இவ்வொலியால் உலோகத்தைப் பற்றவைக்கும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. 1955-இல் பிளாஹா, லாங்கனெக்கர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானிகள் இருவர் வேறொரு விந்தையைக் கண்டனர்: துத்தநாகப் படிகத்தை இழுத்து நீட்டும்போது கேளா ஒலியைப் பாய்ச்சினால் குறைந்த விசையிலேயே அது நீள்கிறது. அதாவது, ஒலி பாயும் நேரத்தில் உலோகம் சற்று இளகியதுபோல் நடந்துகொள்கிறது. சேறு இன்னும் மென்மையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் கைவசம் இருந்தும், நாடாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு முழுப் பொருளையே கட்டலாம் என்ற எண்ணம் எழ நெடுங்காலம் ஆயிற்று. டான் ஒயிட் என்ற அமெரிக்கப் பெண் பொறியியலாளர் அதனைக் கண்டு, 1999-இல் மிச்சிகன் மாநிலத்தில் சாலிடிக்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் 2011-இல் ஒகையோ மாநிலத்தில் ஃபேப்ரிசானிக் என்ற நிறுவனம் அமைந்து, மேலும் வலிய யந்திரங்களைச் செய்தது.

வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆகையால் அந்த யந்திரத்தை நீங்கள் மனக்கண்ணில்தான் காண வேண்டும். கனத்த உலோகப் பலகை ஒன்று அடியில் அசையாமல் இறுக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஓர் உருளை. உருளையின் பக்கத்திலே சுருளாக அலுமினிய நாடா. நாடாவின் அகலம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், கனம் 0.15 மில்லிமீட்டர், உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைப் போல் சுமார் பத்து மடங்கு. உருளை நாடாவைச் சில நூறு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் பலகையின்மேல் அழுத்திக்கொண்டு முன்னோக்கி உருளுகிறது. உருளும்போதே, தன் அச்சின் திசையில், இடமும் வலமுமாக, விநாடிக்கு 20,000 முறை அதிர்கிறது. கியூரி சகோதரர்கள் கண்டதுபோன்ற தன்மையுடைய வட்டுகள் உருளையின் ஓரத்தில் இருந்து இந்த அதிர்வைத் தருகின்றன. வட்டின் அசைவு மிகச் சிறிது. எனினும் ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளுவதுபோல, உருளையின் இயல்பான அதிர்வெண்ணுக்கு ஏற்பத் தள்ளுவதால் அது பெருகுகிறது. உருளையின் முகம் வழவழப்பாக இராது. நாடாவை நழுவாமல் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பாக இருக்கும்.

எவ்வளவு தூரம் அசைகிறது? நடுநிலையிலிருந்து 20 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓர் அதிர்வில் போக வர நான்கு முறை அத்தூரம், அதாவது 80 மைக்ரான். அதனை 20,000-ஆல் பெருக்குங்கள்: விநாடிக்கு 1.6 மீட்டர் தேய்ப்பு! உருளை விநாடிக்கு 50 மில்லிமீட்டர் முன்னேறுவதாகக் கொண்டால், நாடாவின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 400 அதிர்வுகள் கிடைக்கின்றன. டெசாகுலியர்ஸ் ஒருமுறை முறுக்கினார். யந்திரம் ஒரு மில்லிமீட்டருக்குள் நானூறு முறை முறுக்குகிறது.

இந்தத் தேய்ப்பில் பரப்பிலுள்ள மேடுகள் நசுங்கித் தட்டையாகின்றன. ஆக்ஸைடுத் தோல் நொறுங்கிச் சிதறுகிறது. அடியிலிருந்து புதிய உலோகம் வெளிப்பட்டு எதிர்ப்பக்கத்துப் புதிய உலோகத்தைத் தொடுகிறது. நடுவே காற்று புக இடமில்லை. அணுக்கள் கை கோத்துக்கொள்கின்றன. உராய்வதால் சூடு உண்டாகாதா என்பீர்கள். உண்டாகிறது, ஆனால் பொதுவாக உலோகத்தின் உருகுநிலையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. நாடா எங்குமே உருகிப் பாகாகவில்லை.

முதல் வரிசை நாடாக்கள் பக்கம் பக்கமாகப் பாவப்பட்டதும் இரண்டாம் வரிசை வருகிறது. கொத்தனார் செங்கல் வைக்கும்போது மூட்டின்மேல் மூட்டு வராமல் தள்ளி வைப்பார் அல்லவா? அதே விதி இங்கும். ஒரு சென்டிமீட்டர் உயரம் எழும்ப ஏறத்தாழ 67 வரிசைகள் வேண்டும். சில வரிசைகளுக்கு ஒருமுறை அதே யந்திரத்திலுள்ள வெட்டுங்கருவி இறங்கி, கணினியின் ஆணைப்படி ஓரங்களைச் சீர்செய்கிறது; வேண்டிய இடத்தில் பள்ளம் தோண்டுகிறது. ஆக, கொத்தனாரும் கல்தச்சரும் ஒரே யந்திரத்தில் மாறி மாறி வேலை செய்கிறார்கள். சீவல் விழத்தான் செய்கிறது. ஆனால் அது சுருள் சுருளான சீவல், காற்றில் மிதக்கும் நுண்பொடி அன்று. மூலப்பொருளோ வெறும் நாடா. அதனைத் தூக்கிச் செல்லத் தனி விதி வேண்டாம். ஆர்கான் அறையும் வேண்டாம். என் மாணவிக்கு நான் சொன்ன விடையில் அவளுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

உருகாமை அபாயத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கினால் எல்லையில் கண்ணாடிபோல் நொறுங்கும் ஒரு கூட்டுப்பொருள் உண்டாகி மூட்டைக் கெடுக்கும். உருக்காமல் ஒட்டினால் அந்தத் தொல்லை மிகவும் குறைகிறது. ஆகவே ஒரு வரிசை செம்பு, ஒரு வரிசை அலுமினியம் என்று மாற்றி மாற்றி அடுக்கலாம். உலோகத்தின் நடுவயிற்றில் கண்ணாடி நூலிழையையோ உணர்கருவியையோ புதைக்கலாம். உருகிய அலுமினியத்தில் போட்டால் பாழாகிவிடும் மென்கருவி, இங்கே வரிசைகளுக்கிடையே உயிரோடு இருந்து, உலோகம் எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு சூடேறுகிறது என்று உள்ளிருந்தே செய்தி சொல்கிறது. வெளியே ஒட்டவைத்த கருவியைவிட உள்ளே புதைந்த கருவிக்கு உண்மை நன்றாகத் தெரியும் என்பதில் ஐயமில்லை.

விண்கலங்களில் ஒரு பக்கம் கடும் வெப்பம், மறுபக்கம் கடுங்குளிர். திரவத்தைக் குழாய்களில் ஓடவிட்டு வெப்பத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் வளைத்த குழாயைத் தகட்டின்மேல் பசைகொண்டு ஒட்டுவார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம், ஃபேப்ரிசானிக் நிறுவனத்தோடு சேர்ந்து வேறு வழியை வளர்த்தது. தகட்டிலேயே வாய்க்கால் வெட்டி, அதன்மேல் நாடாவைப் பாவி மூடிவிட்டால் குழாயும் தகடும் ஒன்றே. பசை இல்லை, எடையும் குறைவு.

இவையெல்லாம் கடல் கடந்த செய்தி என்று எண்ண வேண்டாம். வரிசை வரிசையாகக் கட்டும் யந்திரம் அரிது. ஆனால் அதன் தாயாகிய கேளா ஒலிப் பற்றவைப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கைப்பேசிகளில் தட்டையான லித்தியம் மின்கலம் இருக்கிறது. அதற்குள் தாளினும் மெல்லிய செம்புத் தகடுகளும் அலுமினியத் தகடுகளும் பல அடுக்குகளாக இருக்கின்றன. அந்த அடுக்குகளையெல்லாம் சேர்த்து மின்சாரம் வெளிவரும் காதில் இணைக்க வேண்டும். தீயைக் கொண்டுபோனால் தகடு ஓட்டையாகிவிடும். கேளா ஒலியால் அழுத்தி அதிரவைத்து இணைப்பதே இதற்குப் பெருவழக்காகிய முறை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வெடியாலும் உலோகத்தை ஒட்டலாம்! ஒரு தகட்டின்மேல் சிறிது இடைவெளிவிட்டு மற்றொரு தகட்டை வைத்து, மேல்தகட்டின் முதுகில் வெடிமருந்தைப் பரப்பி வெடிக்கச் செய்தால், மேல்தகடு கீழ்த்தகட்டைச் சாய்வாக மோதுகிறது. மோதும் இடத்தில் இரண்டு பரப்புகளின் தோலும் தாரையாகப் பீறிட்டு வெளியேற, அடியிலுள்ள உலோகங்கள் ஒன்றுகின்றன. கப்பல்களில் எஃகுத் தளத்தையும் அலுமினியக் கட்டடத்தையும் இணைக்கும் பட்டைகள் இவ்வாறு செய்யப்படுகின்றன. ஒன்றில் பேரிரைச்சல், மற்றொன்றில் கேளா ஒலி. இரண்டிலும் நடப்பது தோலை அகற்றி அழுத்துவதுதான்.

இவ்வளவு நன்மையுள்ள முறையை மகேந்திரகிரி எஞ்சினுக்கு ஏன் கைக்கொள்ளவில்லை என்று இந்நேரம் உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். கேளா ஒலி முறை மென்மையான உலோகங்களுக்கே எளிதில் இசைகிறது. அலுமினியமும் செம்பும் நல்ல பிள்ளைகள். எஃகும் டைட்டேனியமும் கடினமானவை. அவற்றுக்கு மிகுந்த சக்தி வேண்டும், உருளையின் முகமும் விரைவில் தேய்ந்துவிடும். இராக்கெட் எஞ்சினின் வெப்பத்தைத் தாங்கும் உலோகங்கள் அந்த முரட்டு இனத்தைச் சேர்ந்தவை. அன்றியும், அடியில் ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தின்மேல் நாடாவை அழுத்த முடியாது. வரிசைகளுக்கு இடையே ஆங்காங்கு சிறு வெற்றிடங்கள் தங்கிவிடுவதால், கட்டிய பொருள் நாடாவின் நீளத்தில் இழுத்தால் தாங்கும் அளவுக்கு, வரிசைகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் தாங்குவதில்லை. இக்குறையைக் குறைக்கத்தான் யந்திரத்தின் திறனைப் பெருக்கினார்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு கிலோவாட் இருந்தது. பின்னர் உருளையின் இரு பக்கத்திலும் அதிர்வு தரும் கருவியை வைத்து, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்க, 9 கிலோவாட் வரை கொண்டுவந்தனர்.

எல்லாவற்றிலும் சுவையான இடையூறு வேறொன்று. அகலம் குறைந்த சுவர் ஒன்றை எழுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வரிசைகள் நன்றாக ஒட்டுகின்றன. சுவரின் உயரம் அதன் அகலத்தை நெருங்கும்போது திடீரென்று ஒட்டுதல் கெடுகிறது. யந்திரம் பழுதாகவில்லை, நாடாவும் அதே நாடாதான். உருளை இடவலமாக அதிரும்போது சுவரும் அதனோடு சேர்ந்து அசையத் தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றாகவே அசைந்தால் நடுவே தேய்ப்பு ஏது? தேய்ப்பு இல்லையேல் தோல் உடையாது. தச்சர் அறுக்கும் பலகையைக் காலால் மிதித்துக்கொள்வது எதற்காக என்று எண்ணிப் பாருங்கள். மிதிக்காவிட்டால் வாள் போகும் திசையில் பலகையும் போய்வரும். ஆராய்ச்சியாளர்கள் சுவரின் இரு பக்கத்திலும் எளிதில் உருகும் பொருளை நிரப்பி, அசையாதபடி தாங்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதனை உருக்கி வடித்துவிடலாம். அகலமாகவே கட்டிக்கொண்டு போய்ப் பிறகு வெட்டுங்கருவியால் சுவரை மெலியவைப்பது மற்றொரு வழி. இதில் கழிவு மிகுதி. ஆனால் சுவர் அசையாது.